ஏழு ஊதுபத்தியும் ஒரு கிரிக்கெட் மேட்சும்

நடந்துகொண்டிருந்த ஒரு கிரிக்கெட் மேட்சை நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்தவள் நான். எனக்கு மட்டை பிடிக்கத் தெரியாது, பந்து வீசத் தெரியாது. எல்.பி.டபிள்யூ என்றால் என்ன என்பதை இதுவரை நாலு பேர் விளக்கியிருக்கிறார்கள். நாலு பேருக்கும் தலையாட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் மைசூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதின்மூன்று ஆட்டக்காரர்களும் இரண்டு அம்பயர்களும் புல்தரையில் குப்புறப் படுத்துக் கிடந்தார்களே, அதற்கு முழுப் பொறுப்பு என்னுடையது. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. (கொஞ்சம் பெருமைதான். வேறு எதற்காக எழுதுகிறேன்?)

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கொள்ளேகாலிலிருந்து வந்து மைசூரில் எம்.பி.ஏ. முடித்து, 'ஏழு சாமந்தி' என்ற ஊதுபத்திக் கம்பெனியின் விற்பனைப் பிரிவில் ட்ரெயினியாகச் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் கொள்ளேகால் பஸ். இதில் நானாக உண்டாக்கிக்கொண்ட சிக்கல் ஒன்று இருந்தது. சேர்ந்த அன்றைக்கே வீட்டுக்குப் போன் செய்தேன். 'ட்ரெயினி' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். எதிர்முனையில் அப்பா, "என்ன வேலை கண்ணு குடுத்திருக்காங்க?" என்று அவ்வளவு ஆசையாகக் கேட்டதும் என் வாய் தானாகவே எனக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டது. "மார்க்கெட்டிங் மேனேஜர்ப்பா."

என் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். சாதாரண அப்பாவிடம் பொய் சொன்னால் அது வீட்டோடு நிற்கும். கண்டக்டர் அப்பாவிடம் சொன்னால் கொள்ளேகாலிலிருந்து மைசூர் வரை அத்தனை ஸ்டாப்பிலும் இறங்கி ஏறும். அவரிடம் டிக்கெட் வாங்கிய எல்லாருக்கும் சில்லறையோடு இந்தச் செய்தியும் சேர்த்துக் கிடைத்தது. நரசிபுரம் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா, நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "மேனேஜரம்மா சௌக்கியமா?" என்று கேட்டு ஒரு முழம் மல்லிகையை உள்ளே நீட்டினாள். வேலை மட்டும் நிரந்தரமாகாமல் போனால் நான் ஒரு குடும்பத்துக்கு அல்ல, ஒரு பஸ் ரூட்டுக்கே விளக்கம் சொல்லியாக வேண்டும்.

எங்கள் முதலாளி பார்த்தசாரதி சார். மேல்கோட்டைப் பக்கத்துப் பழைய ஐயங்கார் குடும்பம். நல்ல மனிதர். ஆனால் ஒரு விஷயத்தில் அவரிடம் சமரசமே கிடையாது. முதல் நாளே என்னை உட்கார வைத்துச் சொன்னார்.

"இதோ பாரும்மா பூங்கொடி, நம்ம கம்பெனியிலே ஒரே ஒரு ரூல்தான். ஏத்தின பத்தியை அணைக்கப்படாது. வாயாலே ஊதப்படாது, தண்ணி தெளிக்கப்படாது. அது பகவானுக்கு ஏத்தினது. தானா எரிஞ்சு முடியணும். புரிஞ்சுதோ?"

புரிந்தது. நடைமுறையில் இது என்ன பாடு படுத்தும் என்பதுதான் புரியவில்லை. மணம் பார்ப்பதற்காகச் சோதனைக்கு ஏற்றுகிற பத்தியைக்கூட அணைக்கக் கூடாது. அது முடிகிறவரை பக்கத்தில் யாராவது ஒருவர் காவல் இருக்க வேண்டும். யாராவது ஒருவர் என்றால் ட்ரெயினி. நீளமான பத்தி வகைகளைச் சோதிக்கிற நாட்களில் நான் மத்தியானச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிட்டிருக்கிறேன்.

நான் சேர்ந்த ஐந்தாவது மாதம் மைசூரில் மாநில அளவிலான இருபது ஓவர் போட்டி வந்தது. ஊரே அதைப் பற்றிப் பேசியது. எங்கள் முதலாளி மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காரணம், போட்டிக்கு விளம்பரதாரர்களாக வந்தவர்களின் பட்டியல். அதிகாரபூர்வத் தண்ணீர் என்று ஒன்று இருந்தது. அதிகாரபூர்வக் குடை இருந்தது. அதிகாரபூர்வப் பிளாஸ்திரி இருந்தது. கடைசியில், 'அதிகாரபூர்வ நறுமணப் பங்குதாரர்' என்று ஒரு ஊதுபத்திக் கம்பெனியின் பெயர் இருந்தது. கிரிக்கெட்டில் நறுமணத்துக்கு என்ன வேலை என்று என்னைக் கேட்காதீர்கள். ஆட்டக்காரர்கள் உடை மாற்றுகிற அறைப் பக்கம் போய் வந்த ஒருவர், நிறையவே வேலை இருக்கிறது என்று சொன்னார்.

அந்தக் கம்பெனி வேறு யாருடையதுமல்ல, எங்கள் முதலாளியின் அக்கா கணவருடையது. அதாவது அவருடைய அத்திம்பேர். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒன்றாகத் தொழில் செய்து, எந்த வாசனை யார் கண்டுபிடித்தது என்கிற சண்டையில் பிரிந்தவர்கள். அந்தக் கம்பெனியின் பெயரை முதலாளி வாயால் சொல்ல மாட்டார். அதனால் நாங்கள் எல்லாருமே அதை 'அத்திம்பேர் கம்பெனி' என்றுதான் சொல்வோம்.

"அத்திம்பேருக்கு வருஷம் முழுக்க ஜலதோஷம். அவர் மூக்கு வேலை பண்ணி நான் பார்த்ததே இல்லே. அவர் அதிகாரபூர்வ நறுமணமாம்!" என்றார் முதலாளி. அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது.

இந்த இடத்தில்தான் என்னுடைய எம்.பி.ஏ. விழித்துக்கொண்டது. பணம் கட்டி விளம்பரதாரராகாமலேயே போட்டியின் புகழில் பங்கு போட்டுக்கொள்கிற ஒரு வித்தை உண்டு, ஆம்புஷ் மார்க்கெட்டிங் என்று பெயர், பதுங்கியிருந்து பாய்கிற விளம்பரம் என்று சொல்லலாம், என்று அவருக்கு விளக்கினேன். அதைப் பற்றி நான் படித்ததெல்லாம் ஒரு பாடத்தில் இரண்டு பக்கம். ஆனால் படித்த நாளிலிருந்தே அதில் எனக்கு ஒரு தீராத ஆர்வம். ஒரு நிகழ்ச்சி யாருக்குச் சொந்தம்? அதைப் பார்க்க வருகிற கூட்டத்தின் கண் யாருக்குச் சொந்தம்? மைதானத்துக்கு வெளியே நிற்கிற மரத்தில் நான் ஒரு சாமந்திப் பூவைத் தொங்கவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? இப்படியெல்லாம் யோசித்துக்கொண்டே பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறேன்.

"சட்டப்படி சரியோ?" என்று கேட்டார் முதலாளி. "நம்ம மைதிலி மேடத்தைக் கேட்டுண்டு வா."

மைதிலி மேடம் எங்கள் கம்பெனியின் வக்கீல். கோர்ட்டுக்குப் பக்கத்துச் சந்தில் அவருடைய அலுவலகம். கோடுபளெ என்கிற மைசூர் முறுக்கு ஒன்றை உடைத்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டுக் கன்னடம் கலந்த தமிழில் பேச ஆரம்பித்தார்.

"நோடிம்மா, கல்யாணத்துக்குக் கூப்பிடாம வந்து, மாப்பிள்ளை தோள்ல கை போட்டுக்கிட்டு போட்டோல நிக்கிறான்னு வை. பாக்கறவங்க இவன்தான் நெருங்கின சொந்தம்னு நினைப்பாங்க. ஆம்புஷ் மார்க்கெட்டிங்னா அவ்வளவுதான்."

"அதைத் தடுக்கச் சட்டம் இருக்கா மேடம்?"

"இதுக்குன்னு தனியா நம்ம நாட்டுல இல்லே. வேற சில நாடுகள்ல பெரிய போட்டி வந்தா அதுக்குன்னே சட்டம் போடறாங்க. இங்க இருக்கறதை வச்சுத்தான் பிடிக்கணும். அவங்க பேரையோ லோகோவையோ தொட்டா டிரேட்மார்க்ல பிடிப்பாங்க. நாமதான் ஸ்பான்சர்னு ஜனங்களை நம்ப வச்சா அதுக்கு ஒரு வழக்கு. டிக்கெட் வாங்கி உள்ள போய் பேனர் விரிச்சா, டிக்கெட்டுக்குப் பின்னால பொடி எழுத்துல போட்டிருக்கில்ல, அந்த நிபந்தனையை மீறினதாயிடும். தூக்கி வெளிய போடுவாங்க."

நான் பையிலிருந்து டிக்கெட்டை எடுத்தேன். (முன்பே வாங்கி, பின்பக்கத்தை மூன்று முறை படித்திருந்தேன். பொடி எழுத்து என்றால் எனக்கு உயிர்.) பதாகை, தொப்பி, சட்டை, கொடி, பாட்டில், பலூன் என்று ஒவ்வொன்றாகத் தடை செய்திருந்தார்கள். ஒன்று மட்டும் இல்லை.

"மேடம், இதுல வாசனை இல்லையே?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கோடுபளெயைக் கீழே வைத்தார். வக்கீல்களுக்குப் புதுசாக ஒரு கேள்வி வந்தால் முகத்தில் தெரியும் சந்தோஷம் தனி. "வாசனையா? டிரேட்மார்க்குன்னா அதைக் காகிதத்துல காட்டணும். வாசனையை எப்படி வரைவே? ரொம்பக் கஷ்டம். ம்... ரோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து காத்துல வந்தா... காத்து யாருக்கும் சொந்தமில்லே. ஆனா..."

'காற்று யாருக்கும் சொந்தமில்லை' என்பதை நோட்டில் எழுதி, அடிக்கோடு போட்டு, நோட்டை மூடிக்கொண்டு எழுந்துவிட்டேன். அந்த 'ஆனா'வுக்குப் பிறகு அவர் என்ன சொன்னார் என்பது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம்தான் தெரியும்.

தசரா சமயத்தில் கண்காட்சிக்காக எங்கள் தொழிற்கூடத்தில் ஆள் உயரத்துக்கு ஊதுபத்தி செய்வார்கள். ஒரு பத்தி மூன்று மணி நேரம் எரியும். அப்படி ஏழு பத்தி, ஒரு சாமந்திக்கு ஒன்று என்ற கணக்கில் செய்யச் சொன்னேன். மைதானத்துக்கு மேற்கே, ரோட்டைத் தாண்டி, எங்களுக்கு அட்டைப்பெட்டி செய்து தருகிறவரின் மூன்று மாடி வீடு இருந்தது. அவர் மொட்டை மாடியைத் தந்தார். அந்த மாதத்தில் மத்தியானக் காற்று மேற்கிலிருந்துதான் வீசும். அதையும் சும்மா நம்பிவிடவில்லை. ஒரு வாரம் தினமும் மூன்று மணிக்கு அந்த மாடியில் நின்று, கைக்குட்டையை உயர்த்திப் பிடித்து, அது எந்தப் பக்கம் பறக்கிறது என்று குறித்தேன். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு அம்மாள் என்னைப் பார்த்துத் தானும் தினமும் கையசைக்க ஆரம்பித்தாள்.

கிழக்கே பார்த்தேன், மேற்கே பார்த்தேன், மைதானத்தைப் பார்த்தேன். ஒரு வாரமும் மேலே மட்டும் பார்க்கவில்லை. மேலே நான்கு தூண்களின் மீது பெரிய சிமெண்டுத் தண்ணீர்த் தொட்டி. தொட்டியின் அடியில் முறம் அகலத்துக்கு மூன்று தேன்கூடு. நாம் மலைத்தேனீ என்போம், கன்னடத்தில் ஹெஜ்ஜேனு. அதன் கூட்டுக்கு அடியில் புகை போட்டால் என்ன நடக்கும் என்பதை எங்கள் கொள்ளேகால் பக்கத்தில் ரோட்டில் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அந்த ஊரில்தான் பிறந்தேன், அங்கேதான் பன்னிரண்டாவது வரை படித்தேன். என்ன பிரயோஜனம்?

இதற்கிடையில் அப்பா, "உன்ற வேலை எப்படின்னு ஒருக்கா பாக்கோணும் கண்ணு" என்று ஆரம்பித்திருந்தார். மேனேஜருக்குக் கம்பெனி கொடுத்த பாஸ் என்று சொல்லி (அடுத்த பொய்) என் டிக்கெட்டையே அவருக்குக் கொடுத்துவிட்டேன். மேற்குப் பக்க கேலரி. வாசனை முதலில் போய்ச் சேருகிற இடம்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்கு மைதானத்தின் வாசலிலிருந்து அப்பாவின் போன் வந்தது. "கண்ணு, என்ற மஞ்சப்பையில நெய்க்கடை பேரு அச்சடிச்சிருக்குதாம். உள்ள உட மாட்டேங்கறாங்க. அது வெளம்பரமாமா." பின்னாலிருந்து காவலாளி கன்னடத்தில் ஏதோ கத்துவது கேட்டது. நான் சட்ட விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அப்பா, "பரவால்ல, பையத் திருப்பிப் புடிச்சுக்கறேன்" என்றார். பையின் உள்பக்கத்தை வெளியே திருப்பிக்கொண்டு ஜம்மென்று உள்ளே போய்விட்டார். ஆம்புஷ் மார்க்கெட்டிங் தடுப்பு விதிகளை இவ்வளவு சுலபமாகக் கையாண்ட வேறொருவரை நான் இன்றுவரை பார்த்ததில்லை.

மூன்று மணிக்கு ஏழு பத்திகளையும் மணல் வாளிகளில் நட்டு, முதலாளி சொன்னபடி சூடம் காட்டி ஏற்றினேன். அவர் வரவில்லை. அத்திம்பேர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று வீட்டிலேயே டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். பத்தியைத் தூக்கி வந்த இரண்டு தொழிலாளர்களும் மேட்ச் பார்க்கப் போய்விட்டார்கள். மாடியில் நான் மட்டும். புகை அழகாக வளைந்து ரோட்டைத் தாண்டியது. மேற்கு கேலரியில் தலைகள் திரும்பின. ஒருவர் கண்ணை மூடி இழுத்து மூச்சு விட்டார். எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

அப்போது மைதானத்து ஒலிபெருக்கி கன்னடத்தில் முழங்கியது. 'ஆஹா, என்ன வாசனை! நமது அதிகாரபூர்வ நறுமணப் பங்குதாரருக்கு எல்லாரும் ஒரு கைதட்டு!' கேலரி முழுக்கக் கைதட்டியது.

நான் அப்படியே நின்றுவிட்டேன். உட்கார்ந்து யோசித்திருந்தால் முன்பே தெரிந்திருக்கும். மைதானம் முழுக்க அத்திம்பேர் கம்பெனியின் பெயர். வாசனையில் பெயர் எழுதியில்லை. வந்த மணம் யாருடையது என்று ஜனங்கள் நினைப்பார்கள்? ஒரு வாரம் வெயிலில் நின்று, ஏழு பத்தி செய்து, நான் எதிரிக்கு இலவச விளம்பரம் செய்துகொண்டிருந்தேன். உடனே போன் அடித்தது. முதலாளி.

"பூங்கொடி! அவாளுக்குக் கைதட்டறா! ஏதாவது பண்ணு!"

ஏதாவது செய்தேன். எங்கள் கம்பெனியின் தனி அடையாளம் சாமந்தி கலந்த சாம்பிராணி. அதன் காரம் மைசூரில் வேறு யாரிடமும் கிடையாது. அதைக் கொஞ்சம் கலந்தால் எங்கள் சரக்கு என்று தெரியாமல் போகுமா? பூஜைக்காகக் கனலோடு கொண்டு வந்திருந்த தூபக்காலில் ஒரு முழுப் பொட்டலத்தையும் கொட்டினேன். காற்றில் கனல் பறக்கக் கூடாது என்று தூபக்காலை மறைவான இடத்தில் வைத்தேன். மறைவான இடம், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே.

வெள்ளைப் புகை கம்பமாக மேலே எழும்பியது. இரண்டு நிமிடம் இருக்கும். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் கேட்குமே, அப்படி ஒரு உறுமல். அப்போதுதான், ஒரு வாரத்தில் முதல் முறையாக, தலையை நிமிர்த்தி மேலே பார்த்தேன்.

போனை எடுத்தேன். "சார், மேலே ஹெஜ்ஜேனு. கிளம்புது. எல்லாத்தையும் அணைச்சிடவா?"

"அணைக்கறதா? ஏத்தினதை அணைக்கப்படாது! தண்ணி கிண்ணி ஊத்திடாதே!"

பைத்தியக்காரத்தனம் என்று உங்களுக்குத் தோன்றும். ஐந்து மாதமாகச் சாப்பாட்டைத் தள்ளிப் போட்டுப் பத்திக்குக் காவல் இருந்த கைக்கு அப்படித் தோன்றவில்லை. நிறையத் தண்ணீர் இருக்கிற ஒரு தொட்டிக்குக் கீழே, குழாய்க்குப் பக்கத்தில், காலி வாளியோடு நின்றுகொண்டு எரிகிற பத்தியை அணைக்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். இதற்குள் மூன்று கூடும் காலியாகி, கறுப்பு மேகமாகத் திரண்டு, புகை போன வழியே ரோட்டைத் தாண்டிப் போனது. நான் மாடிப்படி அறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பந்து வீச ஓடி வந்தவர் பாதியில் நின்று தரையில் விழுந்தார். மட்டைக்காரர் விழுந்தார். அம்பயர் தொப்பியோடு விழுந்தார். வரிசையாக எல்லாரும் குப்புறப் படுத்தார்கள். காதில் முதலாளி: "பூங்கொடி, டி.வி.யிலே எல்லாரும் ஏன் படுத்துண்டிருக்கா?"

மேற்கு கேலரியில் கூட்டம் எழுந்து ஓடத் தயாரானது. ஒரே ஒரு சின்ன வாசல். ஓடியிருந்தால் தேனீயைவிட நெரிசல்தான் ஆபத்து.  அந்த நேரத்தில் ஒரு விசில் சத்தம். ஒரே ஒரு நீளமான விசில்.

எந்தக் கூட்டத்திலும் அந்த விசிலை எனக்குத் தெரியும். லீவு நாளிலும் அது அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கும். அரசு பஸ்ஸில் ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் போகலாம். இந்த ஊரில் பஸ் ஏறி வளர்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் அது ரத்தத்தில் ஊறியது. கேலரி அப்படியே நின்றது. ரோடு தாண்டி எனக்கே கேட்கும்படி அப்பா கத்தினார், முதலில் கன்னடத்தில், பிறகு தமிழில்: "ஓடாதீங்க! குனிஞ்சு படுங்க! துண்டு இருந்தா தலையில போடுங்க! அசையக் கூடாது!" பஸ்ஸில் படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே தள்ளிப் பழகிய குரல். கேலரி படுத்தது.

அப்பா அங்கே இருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. பாஸ் கொடுத்து, நான்தான் அவரை அங்கே உட்கார வைத்திருக்கிறேன். அழுகையாக வந்தது. போனில் முதலாளி இன்னும் "அணைக்கப்படாது" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனைக் கட் செய்தேன். அங்கே கிடந்த கோணிச் சாக்கைத் தலையில் போர்த்துக்கொண்டு வெளியே ஓடி, வாளி வாளியாகப் பிடித்துத் தூபக்காலிலும் ஏழு பத்தியிலும் ஊற்றினேன். ஏழு சாமந்தியின் வரலாற்றில் எரிகிற பத்தியில் தண்ணீர் ஊற்றிய முதல் ஊழியர் நான். மூன்று தேனீ கொட்டியது. எங்கே என்று கேட்காதீர்கள்.

தேனீக்கள் அடங்கிக் கலைந்து போக நாற்பது நிமிடம் ஆயிற்று. பிறகு அப்பா எழுந்து நின்று, சுற்றிலும் பார்த்து, இரண்டு விசில் கொடுத்து, "ரைட்!" என்றார். மொத்தக் கேலரியும் எழுந்தது. நல்ல வேளை, சிலருக்குக் கொட்டியதோடு போயிற்று. அதிகாரபூர்வப் பிளாஸ்திரிக்கு அன்றைக்குத்தான் வேலை வந்தது.

மறுநாள் பத்திரிகையில் போட்டோ வந்திருந்தது. உதட்டில் விசிலோடு குப்புறப் படுத்திருக்கும் என் அப்பா. அவருக்குப் பின்னால் கொட்டை எழுத்தில், 'அதிகாரபூர்வ நறுமணப் பங்குதாரர்'. ஊர் முழுக்க அந்தப் பங்குதாரரைத்தான் திட்டியது. வாசனைக்குக் கைதட்டு வாங்கியவர்கள் தேனீக்கும் பொறுப்பேற்க வேண்டியதாகிவிட்டது. அத்திம்பேர் கம்பெனி சும்மா இருக்குமா? அட்டைப்பெட்டிக்காரரின் மாடியில் கருகிக் கிடந்த ஏழு பத்தியைக் கண்டுபிடித்து, புதன்கிழமை எங்களுக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டது.

முதலாளியின் அறையில் நான், முதலாளி, மைதிலி மேடம். மேடம் நோட்டீசைப் படித்தார். 'விளம்பர நோக்கத்துடன் தேனீக்களை ஏவிவிட்டு' என்ற வரி வந்ததும் கொஞ்ச நேரம் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். "தேனீக்கள் எங்கள் ஊழியர்கள் அல்லன்னு பதில் எழுதிடலாம். ஆனா புகை போட்டது நாமதான். பொதுத் தொந்தரவு. அன்னிக்கு அதைத்தானே சொன்னேன், 'ஆனா புகையால யாருக்காவது தொந்தரவு வந்தா அதுக்கு வேற சட்டம் இருக்கு'ன்னு. நீ கேட்டியோ?"

முதலாளி என்னைப் பார்த்தார். "அதெல்லாம் இருக்கட்டும். பத்தியிலே தண்ணி ஊத்தினது யாரு?"

நான் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. கையில் பத்திரிகை, மூக்கு தக்காளி அளவுக்கு வீங்கியபடி, அப்பா. மகளின் முதலாளியிடம் தன் போட்டோவைக் காட்டுவதற்காகவே லீவு போட்டு வந்திருந்தார்.

"வணக்கமுங்க. நம்ம மேனேஜரம்மாவோட அப்பனுங்க நானு. பேப்பர் பாத்தீங்களா?" என்று பத்திரிகையை மேசைமேல் விரித்தார். "எவனோ அறிவு கெட்டவன் தேன்கூட்டுக்கு அடியில சாம்பிராணி போட்டிருக்கறானுங்க. எங்கூர்ல ஆடு மேய்க்கறவனுக்குக்கூட அது தெரியுமுங்க! மேல பாக்காம எவனாச்சும் பொகை போடுவானுங்களா?"

 மைதிலி மேடம் நோட்டீசால் முகத்தை மறைத்துக்கொண்டார். அப்பா அறையைச் சுற்றிப் பார்த்து, "இதுதான் உன்ற ரூமா கண்ணு?" என்று கேட்டார். என் மேசை அப்போது கழிவறைக்கும் காலி அட்டைப்பெட்டிகளுக்கும் நடுவே இருந்தது.

முதலாளி என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். "ஆமாம், இதுதான் மேனேஜர் ரூம். உக்காருங்கோ. காபி சொல்றேன்" என்று வெளியே போனார்.

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அப்பா, அந்த அறிவு கெட்டவ நான்தான்ப்பா. மேனேஜரும் இல்ல. ட்ரெயினி. இன்னிக்கோட அதுவும் இருக்குமான்னு தெரியல" என்று அழுதுவிட்டேன்.

அப்பா மூக்கைத் தடவிக்கொண்டார். "மேனேஜர் இல்லைன்னு மூணு மாசமாத் தெரியும் கண்ணு. ஆபீசுக்கு ஒருக்கா போன் போட்டேன். அப்படி யாருமில்லீன்னாங்க."

"அப்புறம் ஏன்ப்பா பஸ்ஸுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருந்தீங்க?"

"விசிலு ஊதியாச்சு, பஸ்ஸு கெளம்பிருச்சு. நடுவழியில உன்னைய எறக்கி உட முடியுமா?"

கதவருகே முதலாளி காபித் தட்டோடு நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. தட்டை வைத்துவிட்டு நோட்டீசை வாங்கி முதல் முறையாகத் தானே படித்தார். நான்காவது பத்தியில் அவர் விரல் நின்றது. 'மேற்படி வாசனை தங்களுடைய ஏழு சாமந்தி தயாரிப்புக்கே உரியது என்பதும், மைசூர் மக்கள் எவரும் அதை நுகர்ந்த மாத்திரத்தில் அடையாளம் காண்பார்கள் என்பதும்...' அதை இரண்டு முறை சத்தமாகப் படித்தார்.

"மைதிலி, இதிலே கையெழுத்துப் போட்டிருக்கறது யாரு?"

"அவங்க வக்கீல். கூடவே உங்க அத்திம்பேரும் போட்டிருக்கார்."

"இத்தனை வருஷமா ஒத்துக்காத மனுஷன்" என்றார் முதலாளி. கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல என்னிடம், "காபியைக் குடி. ஆறிடப்போறது" என்றார்.

இனிமேல் இப்படிச் செய்ய மாட்டோம் என்று எழுதிக் கொடுத்து, முதலாளியின் அக்கா நடுவில் புகுந்து, விஷயம் கோர்ட்டுக்குப் போகாமல் முடிந்தது. அந்த நான்காவது பத்தி மட்டும் லேமினேட் செய்யப்பட்டு இன்றும் வரவேற்பறையில் தொங்குகிறது. என் வேலை நிரந்தரமாயிற்று, மேனேஜராக இல்லை, உதவியாளராக. (மேனேஜராக எனக்கு இன்னும் நாலு வருடம் பிடித்தது. அந்தச் செய்தியை மட்டும் அப்பா பஸ்ஸில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. எல்லாருக்கும் முன்பே தெரியும்.) கம்பெனியில் இப்போது இரண்டு ரூல். ஏற்றின பத்தியை அணைக்கக் கூடாது. ஏற்றுவதற்கு முன் மேலே பார்க்க வேண்டும்.

வாசனை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை. எந்த மைதானத்துக்குப் போனாலும் முதலில் டிக்கெட்டின் பின்பக்கத்தைத்தான் படிக்கிறேன். போன வருடம் ஒரு டிக்கெட்டில், தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் கடைசியாக 'ஊதுபத்தி, சாம்பிராணி' என்று சேர்த்திருந்தார்கள். அது யாரால் வந்தது என்று பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லத் துடித்தேன். என் கணவர் காலை மிதித்தார்.

கணவர் என்றதும் கல்யாணம் ஞாபகம் வருகிறது. கொள்ளேகாலில் மண்டபம். எங்கள் பக்கத்துச் சொந்தம் எல்லாம் பட்டுச்சேலையும் பட்டுவேட்டியுமாக நிறைந்திருந்தார்கள். முன்வரிசையில் பார்த்தசாரதி சாரும் அவருடைய அத்திம்பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் ஒரு கட்டு ஏழு சாமந்தியை எடுத்துப் பற்ற வைத்தார். மேடையில் அப்பா சட்டைப் பைக்குள் கைவிட்டதை நான் பார்த்தேன், தடுக்க நேரமில்லை. ஒரு நீள விசில். அந்த மேட்ச் கதையை அப்பாவிடம் நூறு முறை கேட்டிருந்த எங்கள் வீட்டுப் பக்கம் முந்நூறு பேர், கூடவே முதலாளியும், அப்படியே தரையில் குனிந்து துண்டையும் முந்தானையையும் தலையில் போட்டுக்கொண்டார்கள். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் என்ன சடங்கு இது என்று திகைத்து நின்றார்கள். ஐயர் மெதுவாகத் தலையை நிமிர்த்தி மண்டபத்தின் கூரையைப் பார்த்தார். அப்புறம் அப்பா இரண்டு விசில் கொடுத்து, "ரைட்!" என்றார். மேளம் கொட்டியது, தாலி கட்டினார்கள்.